விழுங்கி எண்ணும் முறை

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் அந்தக் காட்டின் தென்மேற்கு மூலைக் குளத்தில், நெடுங்காலனார் என்ற நாரை பள்ளிக்கூடம் நடத்திவந்தார். 'சரியாகச் சொன்னால்' என்பது அவர் வாயை விட்டு அகலாத சொல். காலை வணக்கம் சொல்லும் குஞ்சுகளைக்கூட, "சூரியன் இன்னும் முழுதாக எழவில்லையே" என்று திருத்துவார்.

அந்த ஆண்டு மேலிடத்து உத்தரவு வந்தது. குஞ்சுகள் இயற்கையைக் கவனித்து, கண்டதை வரைபடமாக வரைய வேண்டும். மேற்பார்வையாளருக்குத் திருப்தி இல்லையென்றால் பள்ளி மூடப்படும். மூடினால் நெடுங்காலனாரும் மற்ற நாரைகளைப் போல நாளெல்லாம் சேற்றில் ஒற்றைக்காலில் நின்று பிழைக்க வேண்டும். படித்த நாரைக்கு அது அழகா?

குளத்து மீன்களை எண்ணச் சொன்னார்.

"ஐயா, மீன் ஓரிடத்தில நிக்க மாட்டேங்குது. எண்ணினதையே திரும்ப எண்ணிடறோம்," என்றது கூர்வாயி என்ற குஞ்சு.

நெடுங்காலனார் கண்ணை மூடி யோசித்தார். "எண்ணியதை விழுங்கிவிடு. அப்புறம் எப்படித் திரும்ப வரும்?"

முறையில் ஒரு குறையும் தெரியவில்லை. செய்து காட்டுவது ஆசிரியர் கடமை என்பதால், பெரிய மீன்களை அவரே எண்ணினார்.

மாலைதோறும் ஈரமண்ணில் அலகால் பட்டை வரைபடம் வரைந்தார்கள். பட்டைகள் நாளுக்கு நாள் குட்டையாயின. குஞ்சுகள் நாளுக்கு நாள் கொழுத்தன. இரண்டாவது விஷயம் பாடத்திட்டத்தில் இல்லாததால் அதை யாரும் வரையவில்லை.

மேற்பார்வையாளர் நீர்நாய் வந்த அன்று, கடைசிப் பட்டைக்கு இடம் இருந்தது, பட்டை இல்லை. நீர்நாயோ, ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் செய்வதுபோல, சாப்பிடாமல் வந்திருந்தார். குளத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, மீன் எங்கே?"

நெடுங்காலனாருக்குத் தொண்டை அடைத்தது. சரியாகச் சொன்னால், கடைசித் தரவு இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை.

"எல்லாம் படத்துல இருக்குங்க."

"எப்படி எண்ணினீங்க?"

கூர்வாயி முந்திக்கொண்டது. "விழுங்கித்தான்!"

நெடுங்காலனார் அவசரமாக அதன் முன்னால் வந்து நின்றார்.

"ஒண்ணுகூட விடாமலா?" என்றார் நீர்நாய்.

"ஒண்ணுகூட விடலீங்க," என்றார் நெடுங்காலனார்.

நீர்நாய் மீசையைத் தடவிக்கொண்டார். "இவ்வளவு முழுமையான ஆய்வை நான் பார்த்ததே இல்லை. மலையடிக் குளத்திலயும் மீன் குறையுதோன்னு மேலிடத்துக்கு ஒரு சந்தேகம். எண்ணிப் பார்த்து உறுதி பண்ணிடலாம். நாளைக்கே பிள்ளைகளோட வந்துடுங்க. எண்ண ஆள் போதாது, நானும் வரேன்."

நீதி: வரைபடம் சரியாக இருந்தால், குளத்தில் மீன் இல்லாதது மீனின் குற்றம்.