கூறைச்சேலையில் தைத்த தலையணைகள்

அன்னவாசல்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய பெரியண்ணன் முனியசாமி அவர்களுக்கு,

தம்பி கண்ணுசாமி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டது. இங்கு என் சம்சாரம் சொர்ணம் நலம், பசு நலம், தென்னங்கன்றுகள் நலம். என் நலத்தைப் பற்றி இதைப் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். அங்கே தாங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக, கடைசி வரி வரைக்குமாவது தங்களுடைய பிரஷர் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டேன். தாங்கள் “என்னடா?” என்றதுமே, “திருச்சியில மழையாண்ணே?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மாசி மாதத்தில் எவனாவது மழை விசாரிப்பானா? நாக்கு எழவில்லை அண்ணே, அதுதான் காரணம்.

என் மகள் பிரகதீஸ்வரி பேஷன் டிசைனிங் படித்ததும், கல்யாணப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துப் பேர் வாங்கியதும் தங்களுக்குத் தெரியும். முதுகுப்பக்கம் கயிறு கட்டி, கயிற்று நுனியில் குஞ்சம் தொங்கவிட்டால் அது பிரகதி தைத்தது என்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள்கூடச் சொல்வார்கள். அந்த பஸ் ஸ்டாண்டில் இத்தனை வருடம் டைம் கீப்பராக இருந்த என்னைத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை, அது கிடக்கட்டும். தை மாதம் திடீரென்று, “அப்பா, கல்யாணப் பொண்ணு ஒரு நாளுதான் உடுத்துது. வீடு தெனமும் உடுத்தும்ப்பா” என்றாள். சரி, நல்ல யோசனை என்றேன். மறுநாளே டேப்பை எடுத்து வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் அளவெடுக்க ஆரம்பித்துவிட்டாள். தலையணைகளுக்கு ஜாக்கெட் மாதிரி உப்பலாகப் புட்டாக் கை வந்தது. பிரிஜ்ஜுக்குக் கொசுவம் வைத்த பாவாடை வந்தது. சோபாவுக்குப் பின்பக்கம் கொக்கி வைத்த உறை வந்தது. அந்தக் கொக்கியில் என் வேட்டி மாட்டி, கரண்ட் ரீடிங் எடுக்க வந்த பெண் முன்னால் நான் எழுந்து நிற்க, வேட்டி சோபாவிலேயே உட்கார்ந்துகொண்டது. வெட்கம் அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அது வெறும் வெள்ளோட்டம்தான்.

அண்ணே, இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படிக்கவும். நிச்சயம் முடிந்து, முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த நம் அத்தைக்காக எடுத்த கூறைச்சேலை, அந்த மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு. அதைப் பெட்டியில் வைத்து நம் அப்பா காலத்திலிருந்து கன்னித் தெய்வமாகக் கும்பிட்டு வருகிறோம். போன சிவராத்திரிக்குத் தங்கள் வீட்டில் படையல் முடிந்து, அடுத்த வருடம் எங்கள் வீட்டு முறை என்று பெட்டியை என் கையில் கொடுத்தபோது, “பத்தரம்டா. என்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு இழை கலையல” என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இருக்கும் திறமைதான் இந்தக் குடும்பத்தைக் கெடுத்தது.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியில் சுண்ணாம்பு தெறிக்குமே என்று சேலையை மட்டும் எடுத்து, ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு பீரோவில் வைத்தேன். பிரகதி சிவராத்திரிக்கெல்லாம் ஹாஸ்டலில் இருந்த பிள்ளை, அந்தச் சேலையைக் கண்ணால் கண்டதில்லை. “அப்பா, பீரோல பையில இருக்குற பழைய பட்ட எடுத்துக்கவா?” என்று கேட்டிருக்கிறாள். நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஓவர். தலையை ஆட்டியிருக்கிறேன். கன்னித் தெய்வம் நாலு தலையணையாகிவிட்டது அண்ணே! நாலு மூலைக்கும் குஞ்சம் வேறு.

இது தெரியாமல் சேலையைத் திரும்பப் பெட்டியில் வைக்கப் போனால் பை காலி. கூடத்துக்கு வந்து பார்க்கிறேன், பிச்சைமுத்து சித்தப்பா சோபாவில் படுத்து அத்தை மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். சிவராத்திரிக்கு எந்த மனுஷன் மேல் அத்தை வந்து இறங்குமோ அதே மனுஷன், தலை நிறைய நல்லெண்ணெயோடு! நான் பதறிப்போய்த் தலையணையை உருவ, அவர் தலை சோபாவின் மரக்கையில் மோத, “ஏன்டா, ஒரு மனுசன நிம்மதியாத் தூங்க விடமாட்டியா? இங்கிட்டுக் குடுறா அத, சொகமா இருந்துச்சு” என்றார். இது இன்ன சேலை என்று சொன்னேன். அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. “வெட்டுன கை எது? சொல்லுடா!” என்று குதித்தார்.

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். “பாப்பா தெரியாமப் பண்ணிருச்சு சித்தப்பா” என்று சொல்லிவிட்டேன். பிரகதி என்னைப் பார்த்தாள். ‘நீங்கதானப்பா தலைய ஆட்டுனீங்க’ என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள். வேட்டி அவிழ்ந்தபோது வந்த வெட்கத்தைப் போல ஆயிரம் பங்கு வெட்கம் அண்ணே. அன்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று தலையணை வீட்டில் இருந்தது. நாலாவது விற்றுப்போயிருந்தது. ஜெகதாப்பட்டினத்தில் மூக்காயி என்று ஒரு விசைப்படகுக்காரர் சம்சாரம் வாங்கியிருந்தார்கள். பஸ் ஏறிப் போய், கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். “தரமாட்டேங்க. கடலுக்குப் போனவங்கள இலங்கை நேவி புடிச்சுட்டுப் போயிட்டாகளோன்னு இத நெஞ்சுல வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டுக் கெடந்தேன். விடியிறதுக்குள்ள எங்க போட்டு கரைக்கு வந்துருச்சு. ராசியான தலகாணி” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்துமுன் என் கையில் திணித்த கருவாட்டோடு திரும்பி வந்தேன். சாமியைக் கேட்கப் போய்க் கருவாடு வாங்கி வந்தவன் நம் வம்சத்தில் நான் ஒருவன்தான்.

இப்போது சித்தன்னவாசல் பக்கம் புதிதாகக் கட்டும் லாட்ஜுக்கு முழுக்கத் திரைச்சீலை, மெத்தைவிரிப்பு தைத்துத் தரச் சொல்லி வந்த ஆர்டரையும் பிரகதி வேண்டாம் என்று சொல்லப்போகிறாளாம். தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. சிவராத்திரிக்கு வந்து என்னை நாலு பேர் முன்னால் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், இனி இந்த வீட்டுக்குப் பெட்டி கிடையாது என்றும் சொல்லுங்கள். பிள்ளையை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். வெட்டிய கை அவளுடையது, ஆட்டிய தலை என்னுடையது.

மதினிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு, வாங்கிக்கொள்ள மனமிருந்தால், என் ஆசிகள்.

தங்கள் முன் நிற்கத் தகுதியில்லாத தம்பி,
கண்ணுசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கண்ணாத்தாள் மதினி போன் செய்தார்கள். என்னால் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “தம்பி, அது அத்தை சேலையே இல்ல. பெட்டி எங்க வீட்ல இருந்தப்ப, அழுக்காருக்கேன்னு நான்தான் மிஷின்ல போட்டுட்டேன். நார்நாராப் போச்சு. அதே கலர்ல வேற எடுத்து வச்சேன். போன சிவராத்திரிக்குப் படையல்ல இருந்தது அதான். ஒங்க அண்ணன் நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிட்டாக. எனக்குச் சிரிக்கவும் முடியல, அழுகவும் முடியல” என்று சொல்லி அழுதார்கள். நைந்துபோன நிஜச்சேலையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்களாம். அதைப் பிரகதியால் ஒட்டுப்போட்டு ஒன்றாக்க முடியுமா என்று கேட்டார்கள். பிள்ளையிடம் நடந்ததைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். “இந்தத் தடவையாவது டிவிய அமத்திட்டுக் கேட்டீங்களே” என்று சொல்லிவிட்டு மிஷின் உறையை எடுத்துவிட்டாள். லாட்ஜுக்காரருக்கும் சரி என்று சொல்லிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை எழுதாததாகப் பாவிக்கவும். இது எதுவும் அண்ணனுக்குத் தெரியவே கூடாது என்று மதினி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அதனால் தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் அப்படியே மதினி கையில் கொடுத்துவிடவும்.