பல்செட்காரர் கோட்டைக்குப் போட்ட பூட்டு

சனிக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் பல்செட்காரர் ஒரு சபதம் எடுத்தார். இனி எந்தத் திருடனும் தன் கோட்டைக்குள் கால் வைக்க முடியாது.

கோட்டை என்றதும் அகழி, யானை என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் குடியிருப்பது இரண்டு அறை வாடகை வீடு. கோட்டை இருப்பது கம்ப்யூட்டருக்குள். ஆறு வருடமாக ஆன்லைனில் விளையாடிக் கல் கல்லாகச் சேர்த்துக் கட்டியது. அதைவிடப் பெரிய விஷயம், நாற்பது பேர் படைக்கு அவர்தான் தளபதி. பகலெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு வைத்துப் பல் பதிக்கிறவர். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் தயவில்தான். ஆனால் அவரைப் பார்த்து "உத்தரவு, தளபதி!" என்று சொல்வதற்கு அந்த நாற்பது பேரை விட்டால் நாதி கிடையாது.

சபதத்துக்குக் காரணம் கண்ணாடிக்கடைக்காரர். அதே படையில் இருந்தவர். மனைவி பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை எவனோ உள்ளே புகுந்து, குதிரை முதல் கொட்டகை வரை வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். போனில் அவர் விம்மியதைக் கேட்டதும் பல்செட்காரர் எழுந்து போய் வாசல் கதவையே ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு முற்றுகை," என்றார் மனைவியிடம். "அஞ்சடிக்கும்போது தளபதி உள்ள இல்லன்னா, பதவி உபதளபதிக்குப் போயிடும். உபதளபதி யாரு தெரியுமா?"

"தெரியும். என் தம்பி."

"அவனுக்குக் கீழ நான் வேலை செய்யணுமா? மச்சானுக்கு நான் சலாம் போடணுமா?"

"அவன் நல்லாத்தானே விளையாடுறான்?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். சபதம் எடுத்தவர்கள் சில்லறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

முதலில் பாஸ்வேர்டு. இருபத்து நாலு எழுத்து. இடையிடையே எண், புள்ளி, நட்சத்திரம். ஒரு தாளில் எழுதி, குளியலறையில் நின்று நாற்பது தடவை மனப்பாடம் செய்து, தாளைப் பதினாறு துண்டாகக் கிழித்துப் போட்டார். விளையாட்டுத் தளம் போன் நம்பர் கேட்டது. கொடுக்கவில்லை. நம்பரைக் கொடுத்தால் திருடன் அந்த வழியாக வந்துவிடுவானாம். அடுத்தது, பாஸ்வேர்டு மறந்தால் அடையாளம் காட்ட மூன்று கேள்விகள். மனைவியை முதலில் எங்கே சந்தித்தீர்கள்? உங்கள் முதல் செல்லப்பிராணி எது? உங்கள் கல்யாண நாள் எது?

"மூணுக்கும் பொய்யா எழுதப் போறேன்," என்றார் பெருமையாக. "உண்மையை எழுதினா உனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சா உன் தம்பிக்குத் தெரியும்."

"பொய்யிலயா பாதுகாப்பு?"

"என் தொழில்ல கேளு. சொந்தப் பல்லு ஆடும், சொத்தையாகும். பொய்ப்பல்லு அசையாது."

"உங்க பொய்யும் அப்படித்தான். பத்து வருஷமா அசையவே இல்ல," என்றாள் அவள், பையை மாட்டிக்கொண்டு.

அவளுக்கு பஸ் நிலையத்தில் வேலை. தொலைந்த பொருள்கள் கவுன்டர். பயணிகள் விட்டுவிட்டுப் போகும் குடை, சாப்பாட்டுப் பாத்திரம், மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு எல்லாம் அவள் அலமாரிக்குத்தான் வந்து சேரும். என்னுடையது என்று வந்து நிற்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பாள். யார் சொந்தக்காரர், யார் சும்மா வந்தவர் என்று தெரிந்துவிடும். கண்ணை மட்டும்தான் பார்ப்பாளாம். இந்த வித்தை வீட்டிலும் நடக்கும் என்பது பல்செட்காரருக்கு ஏனோ இதுவரை உறைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே கால். கோட்டை தயார், படை தயார். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பட்டறைப் பழக்கம் விடுமா? செய்து முடித்த பல்செட்டை அச்சில் மாட்டிப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி மாட்டிப் பார்ப்பார். அப்போதுதான் அவருக்குத் திருப்தி. பூட்டையும் அப்படி ஒரு முறை சோதித்துவிடுவோம் என்று கோட்டையை விட்டு வெளியே வந்தார். மறுபடி உள்ளே போகப் பாஸ்வேர்டை அடித்தார்.

பதினோராவது எழுத்துக்குப் பிறகு நட்சத்திரமா, புள்ளியா?

நட்சத்திரம் போட்டார். தப்பு. புள்ளி போட்டார். தப்பு. இரண்டையும் போட்டார். கதவு அடைத்துக்கொண்டு மூன்று கேள்விகளையும் நீட்டியது. மூன்று வாய்ப்பு, தவறினால் இரண்டு நாள் பூட்டு என்றும் எச்சரித்தது.

அவர் எழுதிய பொய் எதுவும் அவருக்கு நினைவில்லை. ஒரு நாள்கூட ஆகவில்லை. சினிமாத் தியேட்டர், கிளி, ஜனவரி ஒன்று என்று அடித்தார். தப்பு. ரயில், ஆமை, ஏப்ரல் ஒன்று. தப்பு. மணி நாலே முக்கால். தன் பொய்யைத் தானே கண்டுபிடிக்க முடியாத அவமானம் வேறு.

"இந்தா, கொஞ்சம் வாயேன்," என்றார். சபதக் குரலில் பாதிதான் மிச்சம் இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கவுன்டரில் உட்கார்வது போலவே.

"என்ன தொலைச்சீங்க?"

"விளையாடாதே. ஒரே வாய்ப்புதான் இருக்கு."

"முதல் கேள்வி. என்னை எங்க பாத்தீங்க?" கேட்டுவிட்டு அவளே அடித்தாள்: லிஃப்டில்.

"எப்படிச் சொல்றே?"

"லேட்டா வந்தா எங்க மாட்டிக்கிட்டேன்னு சொல்வீங்க?"

"லிஃப்ட்ல."

"உங்க பட்டறை எத்தனாவது மாடி?"

"தரைத்தளம்," என்றார் பல்செட்காரர். இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவருக்கே அது இடித்தது.

"செல்லப்பிராணி, பூனை. ஃப்ரிட்ஜ்ல வச்ச கேக் எங்கன்னா பூனை. என் ஹெட்ஃபோனை உடைச்சது யாருன்னா பூனை. நம்ம வீட்ல பூனை இருக்கா?"

"இல்ல."

"கல்யாண நாள். சொல்லுங்க, நமக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"அக்டோபர் பதினாறு! அதெல்லாம் மறப்பேனா?"

அவள் ஒரு நிமிஷம் அவர் கண்ணையே பார்த்தாள். அப்புறம் அக்டோபர் பதினாலு என்று அடித்தாள். கதவு திறந்துகொண்டது.

"எப்படி? எப்படிக் கண்டுபிடிச்சே? நான் பொய்யா எழுதின தேதி ஆச்சே!"

"பதினாலுதாங்க நம்ம கல்யாண நாள். போன வருஷம் நான் பதினாலுன்னப்ப 'பொய்'னீங்க, அதான் அடிச்சேன். பொய் சொல்றதா நினைச்சு நீங்க சொன்ன ஒரே உண்மை அதுதான்."

வேறு நேரமாக இருந்தால் அவர் வெட்கப்பட்டிருப்பார். மணி நாலு ஐம்பது. வெட்கத்துக்கு நேரம் இல்லை. திரையில், புதிய பாஸ்வேர்டும் புதிய கேள்வி பதிலும் பதிவு செய்யச் சொல்லி வந்திருந்தது. வேண்டுமானால் சொந்தக் கேள்வியும் எழுதலாமாம்.

"நானே போட்டுத் தரேன்," என்றாள். "இனிமே மறக்கிற தொல்லையே இல்ல. எல்லாம் உண்மை."

டகடகவென்று அடித்தாள். சட்டென்று எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். திரை இப்போது பணிவாகச் சொன்னது: புதிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி மறுபடி உள்நுழையவும். மூன்று வாய்ப்பு உண்டு.

பல்செட்காரர் விரலைச் சொடுக்கிக்கொண்டார். உண்மைதானே? அவருக்குத் தெரியாத உண்மையா?

மனைவியை முதலில் எங்கே சந்தித்தீர்கள்? தொலைந்த பொருள்கள் கவுன்டர். கறுப்புக் குடையைத் தேடிப் போய், நீலம் என்று தப்பாகச் சொல்லி, அப்படியும் குடையை வாங்கி வந்தவர் அவர். சொந்தப் பொருளைத்தான் இவ்வளவு கவனிக்காம இருப்பாங்க என்று சொல்லிக் கொடுத்தாளாம். சரி. கல்யாண நாள்? அக்டோபர் பதினாலு. சரி.

மூன்றாவது கேள்வி: செவ்வாய்க்கிழமை காலை உங்கள் மனைவி ஒரு முக்கியமான சேதி சொன்னார். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?

பல்செட்காரர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் வந்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது. அன்று எதிரியின் கிழக்கு வாசல் இடிந்ததும் ஞாபகம் இருந்தது.

'சந்தோஷம்' என்று அடித்தார். தப்பு. 'வாழ்த்துகள்' என்று அடித்தார். தப்பு. மணி நாலு ஐம்பத்தாறு.

மச்சானுக்குப் போன் போட்டார். "டேய், செவ்வாய்க்கிழமை உங்க அக்கா என்ன சேதி சொன்னா?"

"உங்களுக்குத் தெரியாதா மாமா? அன்னைக்கே எனக்குச் சொல்லிட்டாளே. சொல்றேன் மாமா. அஞ்சு மணி அடிக்கட்டும், நிதானமா சொல்றேன்."

போனை வைத்துவிட்டுப் படுக்கை அறைக்கு ஓடினார். அவள் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை என்ன சொன்னே?"

"இப்பக் கேக்கிறீங்களா?"

"கேக்கிறேன். நிஜமாவே கேக்கிறேன்."

அவள் உறையைக் கீழே வைத்தாள். "என்னை எங்க ஆபீஸுக்கே பொறுப்பாளரா போட்டுட்டாங்க. பன்னெண்டு வருஷம் குடையும் செருப்பும் எண்ணினேன்ல. இனிமே ஆறு கவுன்டரும் என் கீழ."

பல்செட்காரருக்குத் தளபதி, முற்றுகை எல்லாம் ஒரு கணம் மறந்துபோயிற்று. "நீயா? ஆறுமா?" என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நான் என்ன சொன்னேன்?"

"யோசிச்சுப் பாருங்க. ஒரே எழுத்து."

அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கம்ப்யூட்டருக்குத் திரும்பினார். 'ம்' என்று அடித்தார். கோட்டை அகலமாகத் திறந்தது. ஐந்து அடித்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

படை வரிசையாக நின்றது. முன்னால் கொடியோடு மச்சான். புதிய தளபதியின் முதல் கேள்வி நாற்பது பேர் பார்க்கத் திரையில் வந்தது: "வீரரே, தாமதத்துக்குக் காரணம்?"

பல்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல்கள் தாமாகவே அடித்தன: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

பதில் உடனே வந்தது: "ம்."