பாத தீர்த்தம்

என் மனைவியின் அக்காவுக்கு, நான் கால் கழுவிய தண்ணீரைப் புனித தீர்த்தம் என்று கொண்டுவந்து கொடுத்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. அப்போது எனக்கு அறுபத்திரண்டு வயது. (அறியாப் பருவம் என்றும் தப்ப முடியாது.)

அக்கா லண்டன் கிங்ஸ்பரியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கண்ணில் வெள்ளை படர்ந்து, சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். லண்டனிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு சிறு நகரத்தின் புனிதக் கிணறு கண்ணுக்கு நல்லது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"வெள்ளைக்காரச் சாமியெண்டாலும் சாமிதானே. ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு வாங்கோ தம்பி."

போனேன். கிணற்றுக்கு முன்னால் நீளமான கற்தொட்டி, நிறையத் தண்ணீர். கோயில் வாசலில் தண்ணீரைக் கண்டால் நம்மவர்கள் வேறென்ன செய்வோம்? சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையைச் சுருட்டி, இரண்டு காலையும் உள்ளே விட்டுக் குதிக்காலை நன்றாகத் தேய்த்தேன். நாயோடு வந்த ஓர் ஆங்கில மூதாட்டி நின்று பார்த்தார். அவருக்குப் பக்தியோடு ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு படியேறிப் பார்த்தால், கிணற்றின் வாயில் இரும்புக் கம்பியும் பூட்டும். பக்கத்தில் ஒரு பலகை: கிணற்று நீர் நிலத்தடியால் தொட்டிக்கு வருகிறது, வேண்டியவர்கள் அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

"நானும் அதில்தான் எடுப்பது வழக்கம்," என்றார் மூதாட்டி மென்மையாக. "இன்றைக்கு வேண்டாமென்று நினைக்கிறேன்."

வழியில் கடைத்தண்ணீர் வாங்கி நிரப்பியிருக்கலாம். அது பொய்யாகிவிடுமே என்று தோன்றியது. அதனால் தொட்டியின் மறுமுனையில் போத்தலை நிரப்பினேன். (முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன் நான்.)

அக்கா காலையில் மூன்று சொட்டு இமையில் தடவுவார். "நல்ல குளிர்ச்சியாக் கிடக்கு தம்பி," என்பார். நானும் தலையாட்டுவேன். ஐந்தாம் நாள் கண் சிவந்து பீளை கட்டியது. வைத்தியர் சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்தார். அன்றுதான் உண்மையைச் சொன்னேன்.

"காலை எங்க கழுவினனீங்கள்?"

"தொட்டிக்குள்ள."

"தண்ணி எங்க அள்ளினனீங்கள்?"

"தொட்டியின்ர மற்றப் பக்கத்தில, அக்கா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சோப் போட்டதோ?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே பிரஷோடு அந்தக் கிணற்றடிக்குப் போய்த் தொட்டியைத் தண்ணீர் வடியவிட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதன்பின் ஆறு வாரம், தினமும் அக்கா வீட்டுக்குப் போய்க் கண்ணுக்கு மருந்து விட்டேன், பத்திரிகை வாசித்துக் காட்டினேன். நான் கை கழுவுவதை அவர் பக்கத்தில் நின்று கவனித்த பிறகே மருந்து என் கைக்கு வரும்.

பிறகு சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார்.

"இப்ப வடிவாத் தெரியுது," என்றார்.

இன்றும் அவர் வீட்டு வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றினால் உள்ளிருந்து குரல் கேட்கும்: "சுவாமியார் வந்திட்டார். செம்பைக் கொண்டு வாங்கோ, பாத தீர்த்தம் எடுக்க வேணும்." வீடே சிரிக்கும். நான் போய் உட்காருவேன். அக்கா தன் கையாலேயே தேத்தண்ணீர் கொண்டுவந்து தருவார்.

எங்கே எடுத்த தண்ணீர் என்று இதுவரை நான் கேட்டதில்லை.