நான்காம் கட்டத்தில் ஒருவர்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் முதுகுவலியும் வழக்கம்போல் ஒற்றுமையாக இருக்கிறோம். அங்கே நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், அக்காவின் முழங்கால் மாடிப்படி ஏறும் அளவுக்காவது தேறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தங்கையின் சுகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் வீடு இரண்டே அறை, உங்கள் தங்கைக்குக் காது ரொம்பக் கூர்மை. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் நான் பட்டறையில் முனகுவது அவளுக்குக் கேட்டுவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்னால் எங்கள் ஊரில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஊர் என்றால் உங்களுக்குத் தெரியும், ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரொட்டிக்கடை, என் டிராக்டர் பட்டறை, மிச்சமெல்லாம் வயல். மூன்று வாரம் முன்னால் அந்தக் கணக்கை ஊர் அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். யார் பெயரும் கிடையாது, எந்த இனத்தில் எத்தனை பேர் என்று நான்கு கட்டம் மட்டும். முதல் கட்டம், இந்த ஊரின் பூர்வீக ஜனங்கள், இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. இரண்டாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், பதினாலு. மூன்றாவது, அப்பா ஒன்று அம்மா ஒன்று என்று கலந்து பிறந்தவர்கள், ஆறு. நான்காவது, 'வேறு'. அதில் ஒன்று. மச்சான், ஒன்றே ஒன்று. நூற்றுக்குக் கணக்குப் போட்டால் அரைகூட வராது.

அந்த 'வேறு' நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தினமும் கண்ணாடி பார்க்கிறவன். ஆனால் இந்த ஊரில் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர் அல்லவா? மகன் நகரத்தில் இருக்கிறான், அவன் அங்கத்துக் கணக்கு. இங்கே நானும் உங்கள் தங்கையும், ஆக ரெண்டு. எண்ணும்போது அவளை விட்டிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். ரொட்டிக்கடைக்காரன் விரல் விட்டு எண்ணினான். அவனுக்கு ஊரில் ஒவ்வொரு வாயும் அத்துப்படி. மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு, தலை ஒன்றுகூடக் குறையவில்லை. அப்படியென்றால் உங்கள் தங்கை எங்கே போனாள்? வேறு ஏதோ ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து ஜாடையாகக் கேட்டேன். "கணக்கெடுக்க வந்தவன்கிட்ட நீ என்ன சொன்னே?" "கேட்டதுக்குப் பதில் சொன்னேன்" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது. என்னிடம் வந்தபோது நான் எப்படிப் பதில் சொன்னேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்குப் பார்த்து மூன்று டிராக்டர் வரிசையில் நின்றது, கை முழுக்க கிரீஸ், பெஞ்சில் பத்துப் பேர், அவன் அத்தனை பேருக்கும் எழுதிக்கொண்டு வந்தான், என்னிடமும் ஏதோ கேட்டான், நானும் ஏதோ சொன்னேன். அவளுக்கு அப்படி என்ன அவசரம்? வீட்டில் தனியாக, நிதானமாக, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பதில் சொல்லியிருக்கிறாள். யோசித்துச் செய்தது, மச்சான். அதுதான் மனசு ஆறவில்லை.

அதற்கப்புறம் ஊரில் என் பாட்டைக் கேளுங்கள். சீட்டாடும் கூட்டாளிகள் நான்கு பேரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி பட்டறைக்கு வந்துவிட்டார்கள். "உன்னைப் போயி வேறன்னு போட்டிருக்கானே, அவன் கை விளங்குமா" என்றான் பால்காரன், அவன் கண் கலங்கியே விட்டது. ரொட்டிக்கடைக்காரன் எனக்கு மட்டும் தனியாக ஒரு ரொட்டி எடுத்துவைக்கிறான். பள்ளிக்கூட டீச்சர் ஒருநாள் மூன்றாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிவந்து, "இவர்தான் அந்த ஒருத்தர்" என்று காட்டினாள். நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். இத்தனை பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்களே, உங்கள் தங்கையிடம் ஒருத்தர், ஒரே ஒருத்தர் ஆறுதல் சொல்லப் போனார்களா? போகவில்லை. ஏன் போக வேண்டும், அவள்தான் அவர்கள் ஆளாகிவிட்டாளே.

யோசித்துப் பார்த்தால் அறிகுறி எல்லாம் முன்னாலேயே இருந்திருக்கிறது, நான்தான் மக்கு மாதிரி இருந்துவிட்டேன். துணி அளக்கும்போது இந்த ஊர் பாஷையில் எண்ணுகிறாள். கோழியைத் திட்டுவதும் அதில்தான், கேட்டால் "அதுக்கு நம்ம பாஷை தெரியாதே" என்கிறாள். சரி, நம் வீட்டிலாவது நம் பாஷை இருக்கட்டும் என்று இனிமேல் வீட்டுக்குள் தமிழ் மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். போட்ட அன்றைக்கே, நட்டைப் பிடித்து எடுக்கிற அந்த ரெண்டு கால் சாமான் வேண்டியிருந்தது, அதற்கு நம் வார்த்தை வாயில் வரவில்லை, அதை எடு, அதான் அதை எடு என்று கையை ஆட்டுகிறேன். "இடுக்கியா?" என்றாள் திரும்பிக்கூடப் பார்க்காமல். வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறாள். மறுநாளிலிருந்து நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அது ஒன்றும் கஷ்டமில்லை. நான் வீட்டுக்கு வருவதே சீட்டாடி முடித்துச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான்.

மச்சான், மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு வயது அறுபத்து நான்கு. இத்தனை வருஷம் இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர் என்று நினைத்துத்தான் தைரியமாக இருந்தேன். சுவரில் அந்த ஒன்றைப் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணத்தன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போனாலும் அவளைத் தனியாக விடமாட்டேன் என்று சொன்னேன். இப்போது அவள் என்னை விட்டுவிட்டாள்.

இது வரைவுக் கணக்குதானாம். ஆட்சேபணை இருந்தால் முப்பதாம் தேதிக்குள் கொடுக்கலாம், இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதை விட்டால் பத்து வருஷத்துக்குத் திருத்த முடியாது. நாளைக் காலை பஸ்ஸில் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், என் மனைவியை என் கட்டத்துக்கே திருப்பித் தரும்படி மனு கொடுக்கப் போகிறேன். நீங்களும் தமையன் என்ற முறையில் அவளுக்கு நன்றாகப் புத்தி சொல்லி, நாலு வரி கண்டிப்பாக எழுதவும். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் தபாலில் போடக் கொடுப்பேன். பயப்படாதீர்கள், பிரித்துப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், பேரப்பிள்ளைகளுக்கு அதில் இரண்டு பங்கு.

இப்படிக்கு,
நான்காம் கட்டத்தில் தனியாக நிற்கும்
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடவும். புதிதாக எழுதப் பேப்பர் இல்லை.

மாவட்ட அலுவலகத்தில் ஒரு அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பதிவைத் தேடி எடுத்தார். "வேறு கட்டத்துல இருக்கறது ஒரு பெண்மணி. தையல் வேலை" என்றார். "அப்ப நான்?" என்றேன். "நீங்க முதல் கட்டம், ஐயா. பூர்வீகம்." ஓரத்தில் கணக்கெடுத்தவன் குறிப்பே எழுதியிருக்கிறான், அவர் அதை வாசித்துக் காட்டினார்: 'எல்லாருக்கும் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுக்கப்பா, கை கிரீஸா இருக்கு.' மச்சான், அது என் பேச்சேதான்.

வீட்டுக்கு வந்து வாசல்படியிலேயே கேட்டேன், "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" அவள் மெஷினை நிறுத்தினாள். "நீங்க நேரா கேக்கவே இல்லையே. மூணு வாரமா ஒண்டியாயிட்டேன், ஒண்டியாயிட்டேன்னு புலம்பினீங்க, கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். முப்பத்தொரு வருஷமா நீங்க பட்டறைக்கும் சீட்டாட்டத்துக்கும் போனப்பல்லாம் இங்க யாரு ஒண்டி?" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் தாங்கவில்லை. கல்யாணத்தன்று உங்களிடம் சொன்ன வாக்கை நான்தான் காப்பாற்றவில்லை. மன்னிக்க வேண்டும்.

இப்போது சிக்கல் என்னவென்றால், நான் நான்காம் கட்டத்துக்கு மாற வேண்டுமானால், ஏற்கெனவே அந்தக் கட்டத்தில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இருப்பது ஒருத்தி. படிவத்தை நீட்டினேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். ஆகையால் நீங்கள் எழுத வேண்டியது அவளுக்குப் புத்தி அல்ல, எனக்குச் சிபாரிசு. ஆறு நாளாக நான் சீட்டாடப் போகவில்லை, மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். இதுவரை என் தமிழில் பதினோரு தப்புத் திருத்தியிருக்கிறாள். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.

*

அண்ணா, கவரை ஒட்டறதுக்கு முன்னாடி நான் எழுதறேன். அவர் படிவத்தைக் கொடுத்த அன்னைக்கே கையெழுத்துப் போட்டு பட்டன் டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கேன். முப்பதாம் தேதி காலையில கொடுத்துடுவேன். அதுவரைக்கும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. சாயங்காலமானா வீட்ல இருக்கார்.