கட்டைவால் குட்டியின் அப்பன்

"அப்பா, நம்ம நாய் டைனாவுக்கு நீள வால். மத்த குட்டிங்களுக்கும் நீள வால். இதுக்கு மட்டும் ஏன் கட்டை வால்?"

ஐந்து வயது மகள் நெட்டி கேட்ட கேள்வி வெர்லினைத் தூங்கவிடவில்லை. யாரும் வெட்டிய வால் அல்ல, பிறவியிலேயே கட்டை. குணமும் அபூர்வம். வேட்டையில் அணிலை மரமேற்றிவிட்டால், ஆள் வரும்வரை அடியில் நின்று குரைக்கும். டைனாவோ பாதியிலேயே வீடு திரும்பி அடுப்படியில் படுத்துக்கொள்ளும் ரகம்.

"எல்லாம் அப்பன் ரத்தம்" என்று முடிவுகட்டினான். டைனாவுக்கு வயதாகிவிட்டது. இன்னும் ஒருமுறைதான் குட்டி போடும். அதற்குள் அந்த அப்பனைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் எஸ்ராவிடம் போனான். எஸ்ராவின் நாய் டிரம்முக்கும் கட்டை வால்.

"பனி கரைஞ்சப்போ டிரம் எங்க வீட்டுப் பக்கம் வந்துச்சா அண்ணே?"

எஸ்ரா எழுந்து நின்றுவிட்டார். "மரத்தடிய விட்டு நகராத நாய்டா அது! ஊர் மேயுதுங்கிறியா?"

அமெரிக்காவின் கெண்டக்கி மலையில் ஒருவனை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். அவன் நாய் மரத்தடியை விட்டு ஓடியது என்று மட்டும் சொல்லக்கூடாது.

அடுத்து ஹைரம். அவர் நாய் சாம்சனுக்கும் கட்டை வால். இம்முறை வெர்லின் பக்குவமாக ஆரம்பித்தான்.

"இதோட குரைப்பக் கேளுங்க. அப்படியே உங்க சாம்சன் குரல்!"

ஹைரம் பூரித்துப்போனார். "நம்ம ரத்தம்னா சும்மாவா?"

உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "அப்போ பனிக்காலத்துல ஓடிப்போன நாயத் தேடுறேன்னு மூணு நாள் காட்டுல கிடந்தீங்களே, அது வெர்லின் வீட்டுலயா இருந்துச்சு?"

ஹைரமின் முகம் சுருங்கியது. "கிளம்புடா நீ!"

இரண்டு பகை. ஞாயிறன்று தேவாலயத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட நினைத்தான்.

"எஸ்ரா அண்ணன் நாயும் யோக்கியம், ஹைரம் அண்ணன் நாயும் யோக்கியம். அந்த அப்பன் வேற யாரோ. தெரிஞ்சவங்க கர்த்தருக்கு முன்னால சொல்லிடுங்க."

பிரசங்க மேடைக்கு அடியில் போதகரின் கட்டைவால் நாய் கொட்டாவி விட்டது. சபை முழுவதும் அதைப் பார்த்தது. பிறகு போதகரைப் பார்த்தது. போதகர் தக்காளியாய்ச் சிவந்து, அவசரமாக ஜெபத்தை முடித்தார்.

வாசலில் வெர்லினுக்குக் கை கொடுக்க ஒருவரும் நிற்கவில்லை. குட்டியோடு தனியே நடந்தான். பின்னாலிருந்து ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஓடைக்கரையில் தனியாக வாழும் விதவை ஆர்லீனா அத்தை. சிரிப்பை அடக்கியதில் அவள் கண்ணில் நீர் வழிந்தது.

"ஏண்டா, இன்னும் எத்தனை வீட்டுக் கதவத் தட்டப்போற?"

"அப்பன் யாருன்னு தெரியுற வரைக்கும் அத்தை."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சாலையில் யாரும் இல்லை. குட்டி அவள் கையை நக்கியது.

"ஊரெல்லாம் அப்பனக் கேட்டியே, ஆத்தா யாருன்னு கேட்டியா? என் கட்டைவால் ஜெஸ் குட்டி போட்டுச் செத்தப்போ பிழைச்சது இது ஒண்ணுதான்டா. குளிர்காலம் பூரா நீ என் வாசல்ல விறகு அடுக்கிட்டுப் போவியே, அதே மாதிரி யாருக்கும் தெரியாம நான்தான் இத டைனா மடியில வெச்சுட்டு வந்தேன்."