டபுள் அண்ணாச்சியும் இரண்டு கையெழுத்தும்

உலகத்தில் எதையும் ஒற்றையாக நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் டபுள் அண்ணாச்சிதான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனால், உடைக்கிற காய் அழுகலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். ஸ்கூட்டருக்கு இரண்டு பூட்டு. சாரல் விழுந்தால் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு குடையும் பிடிப்பார். டீ வேண்டுமென்றால் இரண்டு பேரிடம் சொல்லியனுப்புவார். இரண்டு டீ வரும். யாருக்கும் கொடுக்காமல் இரண்டையும் அவரே குடிப்பார்.

தென்காசியில் எங்கள் கம்பெனியின் சின்னக் கிளை அது. நெட்வொர்க் முழுக்க அண்ணாச்சி பொறுப்பு.

ஒரு சீசனில் ஆபீஸோடு குற்றாலம் போனோம். மெயினருவியில் நின்ற ஆண்களில் பாதிப் பேர் துண்டைத் தண்ணீருக்குப் பறிகொடுத்துவிட்டு, அடுத்தவன் துண்டில் பங்கு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மட்டும் மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். வேட்டிக்கு மேல் பெல்ட். பெல்ட்டுக்கு மேல் ஒரு நைலான் கயிறு.

“என்ன அண்ணாச்சி இது கோலம்?” என்று கேட்டேன்.

“ஏட்டி, பெல்ட்டு பழசு. இம்புட்டு நாளு தாங்கிட்டு, எப்ப அந்துபோவும்னு தெரியாது. கயிறு புதுசு. நல்ல கெட்டின்னு கடைக்காரன் சொல்லுதான். அருவியில நின்னு பாத்தவன் யாரு? அதான் ரெண்டும். ஒண்ணு போனாலும் மானம் தங்கும்லா?”

சிரித்தோம். ஆனால் ஆபீஸிலும் அவர் இதையேதான் செய்துவைத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசுமுன், ‘நான் நான்தான்’ என்று நிரூபிக்க டிஜிட்டல் கையெழுத்து ஒன்றைக் காட்டும். இப்போது புழக்கத்தில் இருக்கும் கையெழுத்தை, வரப்போகும் குவாண்டம் கம்ப்யூட்டர் அப்படியே போலியாகப் போட்டுவிடுமாம். அதற்கும் அசையாத புதுவகை வந்துவிட்டது. என்ன, அது இன்னும் அதிகம் அடிபட்டுப் பழகாதது. பழசா புதுசா என்று எல்லோரும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்க, அண்ணாச்சி இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார். இரண்டு கையெழுத்தும் சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

இதை வாங்கலாமா என்று பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். குற்றாலத்து லாட்ஜில் உட்கார்ந்து தென்காசி சர்வரோடு இணைந்து பார்ப்பதாக ஏற்பாடு. இணைந்தால் எங்கள் கிளை பிழைக்கும். இல்லையென்றால் கிளையை மூடிவிட்டு எல்லோரையும் சென்னைக்கு அனுப்புவார்கள். நானோ சென்னை ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து அப்போதுதான் தப்பி, சொந்த ஊரில் அம்மா கை சோறு தின்று கொஞ்சம் சதை போட்டிருந்தேன். மறுபடியும் அந்தச் சாம்பாரா?

அன்றைக்கு ‘உதவிக்கு’ என்று சொல்லி மொத்த ஆபீஸும் லாட்ஜுக்குக் கிளம்பியது. எல்லார் பையிலும் துண்டும் சோப்பும். சர்வருக்குக் காவலாக நான் மட்டும்.

போன் அடித்தது. அண்ணாச்சி. இணைப்பு கிடைக்கவில்லை. பின்னால் மேனேஜரின் சென்னைக் குரல் கேட்டது.

“அந்தப் புதுக் கையெழுத்தைத் தூக்கிடுங்க அண்ணாச்சி. பழசு ஒண்ணு போதும், மேடம் கிளம்பறாங்க!”

“அருவிக்குள்ள நிக்கும்போது கயித்த அவுக்கச் சொல்லுதியளா சார்? நடக்காது.” பிறகு என்னிடம், “ஏட்டி, ரெண்டாவது பெட்டியில என்ன லைட்டு எரியுது?”

“சிவப்பு, அண்ணாச்சி.”

“அடப்பாவி! தப்பு எம்மேலதான்.”

விஷயம் இதுதான். புதுக் கையெழுத்து பழசைவிடப் பல மடங்கு நீளம். வாசலில் இருக்கும் காவல் பெட்டிக்கு, அதாவது ஃபயர்வாலுக்கு, பெரிய ஆள் வருவார் என்று அண்ணாச்சி சொல்லிவைத்திருந்தார். ஆனால் அது தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று பின்னால் இன்னொரு கிழட்டுப் பெட்டியையும் அவரேதான் நிறுத்தியிருந்தார். அதனிடம் சொல்ல மறந்துவிட்டார். அது, இவ்வளவு பெரிய ஆளா என்று மிரண்டு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டிக்குப் புதுக் கட்டளை கொடுக்க, அதன் எதிரே உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அதற்கும் அண்ணாச்சி சட்டம் உண்டு. இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்லாமல் அதில் எதையும் மாற்றக் கூடாது. தனியாகத் தொடப்போன மேனேஜரையே விரட்டியவர் அவர்.

அண்ணாச்சி போனில் சொல்லச் சொல்ல, பெட்டி உள்ளே விடும் அளவைக் கூட்டினேன். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டேன்.

“அண்ணாச்சி, சரி பாக்க இங்கன ரெண்டாவது ஆளு இல்லையே!”



“நீ பாத்துட்டேல்லா?”

“பாத்துட்டேன்.”

“அப்பம் அடிட்டி.”

அடித்தேன். லைட் பச்சையானது. போனில் கேட்ட கூச்சலில் மெயினருவி தோற்றது. மேடம் இன்னொரு நாள் தங்கி, குளித்து, ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போனார். நான் இன்றைக்கும் அம்மா கை சோறுதான் தின்கிறேன்.

அன்று சாயங்காலம் தலை துவட்டிக்கொண்டே ஆபீஸுக்கு வந்த அண்ணாச்சியை மடக்கினேன்.

“ரெண்டு ஆளு சட்டம் என்னாச்சு அண்ணாச்சி? தேங்காயக்கூட நம்ப மாட்டிய, என்ன மட்டும் எப்படி?”

“ஒத்தையா நம்புததுக்கு ஒரு ஆளாவது வேண்டாமாட்டி?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வழக்கம்போல இரண்டு டீ வந்தது. ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். அழுதுவிடுவேனோ என்று பயந்து, அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.