சித்தார்த் கிட்டார் வாங்கப் போகிறான்

துணிக்கடைக்காரர் இரண்டாவது புடவையை விரிப்பதற்குள், முதல் புடவைக்குப் பணம் கட்டி, வீட்டுக்கு வந்து, அதையே உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போய், பிரசாதமும் வாங்கிச் சாப்பிட்டு முடித்தவள் நான். சரி, பிரசாதத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். கோவிலையும்தான். ஆனாலும் ஒரு பொருளை எடுப்பதா வேண்டாமா என்று நான் அரை நிமிடத்துக்கு மேல் யோசித்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தகுதியில்தான், எனக்கு நேர் எதிரான ஓர் இனத்தைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

அந்த இனத்துக்கு ‘ஆராய்ந்து வாங்குபவர்’ என்று பெயர். பெயரில் ‘வாங்குபவர்’ இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஆராய்வார். அவ்வளவுதான்.

இவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மெத்தை வாங்கக் கிளம்பி, எந்தப் பஞ்சு உத்தமம் என்று தெரிந்துகொள்வதற்குள் முதுகுவலி தானாகவே சலித்துப்போய் விலகிவிட்டவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டர்களை ஒப்பிடத் தொடங்கி, முடிவுக்கு வருவதற்குள் பிள்ளை குணமாகிப் பள்ளிக்கூடம் போய், அங்கே ஓட்டப்பந்தயத்தில் பரிசும் வாங்கிவிட்டதைப் பார்த்தவர். “அவசரப்பட்டா தப்பாயிடும்” என்பார். “ஒரே ஒரு சந்தேகம்தான்” என்பார். “அடுத்த மாசம் புது மாடல் வருதாம்” என்பார். இவருடைய வாழ்க்கையில் அடுத்த மாசம் என்று ஒன்று வந்ததே இல்லை. எப்போதும் இந்த மாசம்தான்.

இந்த இனத்தின் ஆகச் சிறந்த மாதிரி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறது. பெயர் சித்தார்த். என் தங்கை மகன். அவன் ஆராய்ந்த பொருள், ஒரு கிட்டார்.

பெண் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தோம். பெண்ணின் பெயர் அறிவுமதி. தனியாகப் பேசச் சொல்லி இரண்டு பேரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். இவன் அங்கே போய், தான் விரலாலேயே கிட்டார் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறான். பொய்யில்லை. கல்லூரி விடுதியில் நண்பனுடைய கிட்டாரில் நன்றாகவே வாசித்தவன்தான். கம்பியை மீட்டுகிற தகடு கிகடு எதுவும் இல்லாமல், கட்டைவிரல் ஒரு பக்கம் தாளம் போட, மற்ற விரல்கள் ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாட்டை எடுக்கும் வாசிப்பு. அந்தப் பெண் கீழே இறங்கி வந்து தன் அப்பாவிடம் சொன்னாள்:

“அப்பா, ரிசப்ஷனுக்குக் கச்சேரி வேணாம். அவரே ஒரு பாட்டு வாசிக்கிறாராம். எனக்கு அது போதும்.”

அப்பா மணவாளன் சிதம்பரத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்பீக்கர் எத்தனை என்று பார்க்கிறவர். மூத்த மகள் கல்யாணத்தில் அவர் வைத்த கச்சேரியின் சத்தத்தில் மண்டபத்து வெளவால்கள் பிச்சாவரம் காட்டுக்கே குடிபெயர்ந்துவிட்டன என்பது நானே கிளப்பிவிட்ட செய்தி. அப்பேர்ப்பட்டவர் மகளின் முகத்தைப் பார்த்தார். “சரிம்மா. ஒன் பேச்ச நம்பி நிறுத்துறேன். சொந்தக்காரங்க முன்னாடி என்னைத் தல குனிய வெச்சிடாத” என்றார்.

ஆக, ஒரு பெண் தன் வார்த்தையை ஒரு கிட்டாரின்மேல் வைத்துவிட்டாள். கிட்டார்தான் இல்லை.

“என்னா மாதிரி வாங்கப் போற?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உடம்பு சின்னதாக இருக்கவேண்டுமாம், சிதம்பரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகும்படி. சின்ன உடம்பானாலும் கனத்த குரல் வேண்டுமாம். ஸ்பீக்கரில் மாட்டுகிற மின்சார ஏற்பாடு உள்ளேயே இருக்கவேண்டும். ஆனால் மின்சாரம் இருப்பதே காதுக்குத் தெரியக்கூடாது. கம்பிகளுக்கு நடுவே விரல் போய்வர இடம் தாராளமாக வேண்டும். ஆனால் கழுத்து மெல்லியதாக இருக்கவேண்டும். அவன் மணப்பெண்ணுக்குக்கூட இத்தனை நிபந்தனை போடவில்லை. மேல்பலகைக்கு எந்த மரம் நல்லது என்று எனக்கு விளக்குவதற்காக, பண்ருட்டியிலிருந்து வந்திருந்த பலாப்பழத்தை மடியில் வைத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினான். “பாருங்க பெரியம்மா, இங்க தட்டினா ஒரு சத்தம், ஓரத்துல தட்டினா வேற சத்தம்.” பழம் பழுத்துவிட்டதென்று எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

கிட்டார் வாங்கவில்லையே தவிர, நகம் வளர்த்துவிட்டான். வலது கையில் மட்டும். விரலால் மீட்ட நகம் வேண்டுமாம். கருவிக்கு முன்பே நகம் தயார். அந்தக் கையோடு நிச்சயதார்த்தப் பந்தியில் உட்கார்ந்தான். இலையில் சிதம்பரத்துச் சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு. “ஒரு ஸ்பூன் கிடைக்குமா?” என்று கேட்டானே பார்க்கலாம்! மாப்பிள்ளைக்குக் கையில் ஏதோ கோளாறு, மறைத்துவிட்டார்கள் என்று பெண் வீட்டு அத்தை ஒருத்தி ஆரம்பித்தாள். அறிவுமதிதான் எழுந்துபோய் ஸ்பூனைக் கொண்டுவந்து வைத்து, “அது பாட்டுக்காக வளத்த நகம் அத்தை” என்றாள். எவ்வளவு நம்பிக்கை!

பிறகு ஒரு நாள் அறிவுமதியும் சேர்ந்து மூன்று பேருமாக மஞ்சக்குப்பத்தில் ரஃபீக் பாயின் வாத்தியக் கடைக்குப் போனோம். அவர் எடுத்துக்கொடுத்த முதல் கிட்டாரே சின்னதாக, தேன் நிறத்தில், ஒரு பூனைக்குட்டி மாதிரி அவன் மடியில் போய் உட்கார்ந்தது. ஸ்பீக்கரில் மாட்டி நாலு கம்பியை மீட்டினான். தெருவில் போன ஆட்டோ நின்றது. சிக்னலுக்காகவும் இருக்கலாம். அறிவுமதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையே எடு என்று நான் சொல்லியும் வாங்காமல் வெளியே வந்தோம்.

அதன்பின் வீட்டுக்குக் கூரியரில் கிட்டார்கள் வந்தன, போயின. ஒன்று ஸ்பீக்கரில் மாட்டினால் ஈ மொய்ப்பதுபோல் இரைந்தது. ஒன்றின் வாசனை பிடிக்கவில்லை. கிட்டாரை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பியவனை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன். மாடியேறி இறங்கி இளைத்துப்போன கூரியர் தம்பி, “அண்ணே, பிரிக்காமலே அனுப்பிடுங்களேன்” என்றான்.

கடைசியில், கல்யாண வாரத்தில், அறிவுமதி போனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “எங்கப்பா இன்னிக்கும் கேட்டாரு, நான் இன்னிக்கும் உங்களுக்காகப் பேசினேன்.” அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ரஃபீக் பாய் கடைக்கு ஓடினான். அந்தத் தேன்நிறக் கிட்டார் உறை போட்டுத் தயாராக இருந்தது. “நீங்க ஊரெல்லாம் சுத்திட்டு இதுக்குத்தான் வருவீங்கன்னு தெரியும் தம்பி” என்றார் பாய்.

கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. நலங்கு அன்று மாப்பிள்ளையின் நகத்தைத் தாய்மாமன்தான் வெட்டவேண்டும். என் தம்பி அருள்முருகன் அந்தக் கடமையில் குறை வைக்காதவன். காலையில் சித்தார்த்தை மணையில் உட்காரவைத்து, மஞ்சள் பூசி, கண்ணை மூடச் சொல்லி, வலது கையைப் பிடித்தான்.

“மாமா! அந்தக் கை வேணாம் மாமா!”

“என்னாடா வேணாம்? கழுகாட்டம் வளத்து வெச்சிக்கினு! பொண்ணைக் கீறிடப் போற!”

அஞ்சு நகமும் போயின.

சித்தார்த் அழவில்லை. அதைவிட மோசம்: மஞ்சள் கையோடு போனை எடுத்தான். விரலில் மாட்டிக்கொள்ளும் செயற்கை நகங்கள் இருக்கின்றனவாம். பிளாஸ்டிக்கா, உலோகமா? மூங்கிலும் உண்டாம். மாலையில் சிதம்பரம் மண்டபத்தில், கோட்டு சூட்டோடு மேடையில் நின்றபடி, வாழ்த்த வந்தவர்களுக்கு ஒரு கையால் கும்பிடு போட்டுக்கொண்டு, மறு கையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் மணவாளன். அவரைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். “கச்சேரி எங்கய்யா?” என்று யாரோ கேட்டார்கள். அவர் மகளைப் பார்த்தார்.

அறிவுமதி அவன் கையிலிருந்த போனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“நகந்தான போச்சு? விரல் இருக்குதில்ல?”

“இருக்கு.”

“அப்ப வாசிங்க.”

“ஒயர் இல்ல மதி.”

“என்னா?”

“ஸ்பீக்கர்ல மாட்டுற ஒயர். எது நல்லதுன்னு இன்னும் முடிவு பண்ணல.”

வேறு பெண்ணாக இருந்தால் மாலையைக் கழற்றியிருப்பாள். இவள் அவனை உட்காரவைத்துக் கிட்டாரை மடியில் கொடுத்து, வரவேற்புரைக்கு வைத்திருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பட்டுப்புடவையோடு மேடையில் மண்டிபோட்டு, அவன் மடியில் இருந்த கிட்டாரின் வாய்க்கு நேரே பிடித்தாள். நகமில்லாத சதை விரலால் மீட்டினான். ஓசை மெத்தென்று வந்தது. பந்திக்கு அடித்துக்கொண்டிருந்த கூட்டம்கூடத் திரும்பியது. பாட்டு முடியும்வரை அவள் கை அசையவில்லை. மணவாளன் மூக்கை உறிஞ்சிவிட்டு, “நல்லாத்தான் இருக்குது. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சிருக்கலாம்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய பாராட்டு அது.

சிரிக்கிறீர்கள், இல்லையா? ஆன்லைனில் வண்டி நிறையப் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் வைத்திருக்கிறீர்களே, அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள். ‘நான் அப்படியில்லை, கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான்’ என்று மனசுக்குள் சொல்கிறீர்களா? சித்தார்த்தும் அப்படித்தான் சொல்வான். இந்த இனத்தில் ஒருவருக்காவது தான் இந்த இனம் என்று தெரிந்ததில்லை. அரை நிமிடத்தில் முடிவெடுக்கும் என்னைப் போன்றவர்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இதுவரை எழுதியதை, விருந்துக்கு வந்திருக்கும் அறிவுமதியிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வந்தவள் ரஃபீக் பாய் கடையில் நின்றுவிட்டாள்.

“பெரியம்மா, இந்த எடம் தப்பு. அன்னிக்கு அவரு பர்ஸை வெளிய எடுத்துட்டாரு. பாய் பில்லு போடவே குனிஞ்சிட்டாரு. ‘இருடா, இதுலயே வேற கலர் இருக்கான்னு கேளு’ன்னு சொன்னது நீங்க.”